பாப்பாயிலிருந்து சென்சூரியன்ஸ் வரை

இன்று ஆகஸ்ட் 28, அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் பிறந்த நாள். வருடா வருடம் இந்த நாளில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைப்பேன், ஏதாவது ஒரு டெட்லைன் வந்து தள்ளிப்போகும். இந்த முறை நேற்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன்.

சென்சூரியன்ஸில் இருந்து ஆரம்பிக்கிறேன். திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக்குக் கேபிள் வந்தது 1998-இல். கார்ட்டூன் நெட்வொர்க் அப்போது பகல் முழுக்க ஓடும், இரவானதும் அதே சானலில் பழைய ஆங்கிலப் படம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். நான் ஒரு நாள்கூட விடாமல் பார்த்தது சென்சூரியன்ஸ். கடலுக்கு மேக்ஸ் ரே, தரைக்கு ஜேக் ராக்வெல், வானத்துக்கு ஏஸ் மெக்ளவுட். 'பவர் எக்ஸ்ட்ரீம்' என்று கத்தினால் விண்வெளி நிலையத்திலிருந்து ஆயுதங்கள் வந்து உடம்புக் கவசத்தில் பொருந்திக்கொள்ளும். எனக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாது. அந்த ஆயுதங்கள் தோளில், முழங்கையில், முதுகில் எங்கெங்கே போய்ப் பொருந்துகின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்பா வேலை செய்த பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிய அட்டைகள் மிஞ்சும். அவர் கொண்டுவரும் அந்த அட்டைகளின் பின்பக்கம் முழுக்க சென்சூரியன்ஸ்தான்.

அந்தத் தொடரின் வடிவமைப்பு வேலையில் ஜாக் கிர்பியும் இன்னொரு காமிக்ஸ் ஓவியரான கில் கேனும் இருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தபோது நானே அனிமேஷனில் சில வருடங்கள் வேலை பார்த்திருந்தேன். கிர்பி என்றால் கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய இருவரில் ஒருவர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் எல்லாவற்றையும் முதன்முதலில் வரைந்த கை. அந்தக் கைதான் 1986-இல், 69 வயதை நெருங்கும்போது, சனிக்கிழமைக் கார்ட்டூன்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு இயந்திரங்களும் வில்லன்களும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் ஏன் அங்கே போனார் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை அவருடைய முதல் வேலையில் கொண்டுபோய் நிறுத்தியது. அதுவும் அனிமேஷன்தான்.

கிர்பி 1917-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தார். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த யூதக் குடும்பம். அப்பா ஆயத்த ஆடை ஆலையில் தொழிலாளி. ஒண்டுக் குடித்தனங்கள் நெருக்கியடித்த தெருக்கள், தெருவுக்குத் தெரு பையன்களின் கூட்டம், சண்டை தெருவில் ஆரம்பித்து மொட்டைமாடி வரை ஏறும். ஓவியம் படிக்க பிராட் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ஒரே வாரத்தில் விட்டுவிட்டார். பதினெட்டு வயதை ஒட்டி அவருக்குக் கிடைத்த வேலை பிளைஷர் ஸ்டூடியோவில். பிராட்வேயில் 1600-ஆம் எண் கட்டடம். பெட்டி பூப், பாப்பாய் கார்ட்டூன்கள் தயாரான இடம். அங்கே கிர்பி பாப்பாய் படங்களுக்கு இன்பிட்வீனர்.

இன்பிட்வீனர் என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு அசைவின் முக்கியமான நிலைகளை மூத்த அனிமேட்டர் வரைவார். அதைக் கீ என்போம். முதல் கீயில் பாப்பாயின் கை பின்னால் ஓங்கியிருக்கிறது, அடுத்த கீயில் அது எதிராளியின் தாடையில் இருக்கிறது. நடுவில் அந்தக் கை எங்கெங்கே இருந்தது என்று வரைகிறவர் இன்பிட்வீனர். கீ வரைந்த தாளின் ஓரத்தில் ஒரு கோடும் அதன் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகளும் போட்டிருப்பார்கள், எத்தனை படம், எந்த இடைவெளியில் என்று. அதைப் பார்த்து வரைந்துகொண்டே போக வேண்டும். எந்த அசைவையும் நீங்கள் ஆரம்பிக்க மாட்டீர்கள், எந்த அசைவையும் முடிக்கவும் மாட்டீர்கள்.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. 2004-இல் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் இன்பிட்வீனராகத்தான் சேர்ந்தேன். ஒரு மாடி முழுக்க வரிசையாக லைட் டேபிள்கள். கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரிந்துகொண்டே இருக்கும், மதியத்துக்கு மேல் அந்தச் சூடு உள்ளங்கையில் தெரியும். மேலே பெக் பார், அதில் மூன்று முளை, நடுவில் ஒரு வட்டம், இரண்டு பக்கமும் நீளவாட்டில் இரண்டு. தாளில் உள்ள மூன்று ஓட்டைகளை அதில் மாட்டிவிட்டால் தாள் அசையாது. இடது கை விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு தாளாகச் செருகி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, வலது கையால் நடுப் படத்தை வரைய வேண்டும். முதல் மாதம் விரல்களுக்கு இடையே தோல் உரிந்துபோனது. வேலை வெளிநாட்டு ஆர்டர். ஒரு முயல், ஒரு கரடி. படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு வாரம் முழுக்க அந்த முயலின் இடது காதை மட்டும் வரைந்திருக்கிறேன். அது என்ன கதை, காது ஏன் ஆடுகிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி பிறகு மூடப்பட்டது, எங்களில் பலருக்குக் கடைசி மாதங்களின் சம்பளம் வரவே இல்லை. பெயர் வேண்டாம், விடுங்கள்.

பிளைஷர் நாட்களைப் பற்றி கிர்பி பின்னாளில் பேட்டிகளில் சொன்னது, அது ஒரு தொழிற்சாலை மாதிரி இருந்தது, தன் அப்பா வேலை செய்த ஆலையை அது நினைவுபடுத்தியது என்பதுதான். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. என் அப்பா முப்பது வருடம் பவர் டேபிள் டெய்லர். ஒருவர் கை மட்டும் ஏற்றுவார், அடுத்தவர் கழுத்துப்பட்டி மட்டும் வைப்பார், அடுத்தவர் ஓரம் மட்டும் அடிப்பார், அம்மா கடைசியில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். முழு பனியனை ஒருவரும் தைப்பதில்லை. பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம், ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். சென்னையில் அந்த லைட் டேபிள் வரிசையை முதல் நாள் பார்த்தபோது எனக்கும் அப்பாவின் கம்பெனிதான் கண்ணில் வந்து நின்றது. வெளியே சொன்னால் ஓவியத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று நினைப்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஒரு தையல்காரர் மகன் அதையே நினைத்திருக்கிறான்.

கிர்பி அங்கே அதிக நாள் இருக்கவில்லை. 1937-இல் பிளைஷர் ஸ்டூடியோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அமெரிக்க அனிமேஷன் துறையின் முதல் பெரிய வேலைநிறுத்தம் அது, ஐந்து மாதம் நீடித்தது. கிர்பி அதற்குள் பத்திரிகைச் சித்திரத் துணுக்குகள் பக்கம் நகர்ந்து, அங்கிருந்து காமிக்ஸுக்குள் போய்விட்டார். அங்கே ஜோ சைமனைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. அட்டையில் அவன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அந்த அட்டையை நான் பல தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓவிய ரசனையோடு இல்லை, இன்பிட்வீனராக. குத்து விழுந்துவிட்டது, ஹிட்லரின் உடம்பு பின்னால் சாய்கிறது. சுற்றிலும் சிப்பாய்கள் சுடுகிறார்கள், குண்டு கேடயத்தில் படுகிறது. பிளைஷர் ஸ்டூடியோவில் இதைக் கொடுத்திருந்தால் கை ஓங்கிய நிலை ஒன்று, குத்து விழுந்த நிலை ஒன்று, நடுவில் ஆறேழு படம் என்று போயிருக்கும். கிர்பி நடுப் படங்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். கடைசிக் கீ மட்டும்தான் தாளில் இருக்கிறது. மீதியைப் பார்க்கிறவர் கண் வரைந்துகொள்கிறது.

கிர்பியின் பக்கங்களைப் பற்றி எல்லோரும் 'ஆற்றல்', 'வேகம்' என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த வரையில் அதன் சூட்சுமம் இதுதான். சாதாரணமாக ஒருவர் நிற்கும் நிலையையோ நடக்கும் நிலையையோ அவர் வரைவதில்லை. ஒரு அசைவின் இரண்டு கோடிகளில் ஏதாவது ஒன்றைப் பிடிப்பார். ஒன்று கை முழுக்கப் பின்னால் போயிருக்கும், இல்லையென்றால் முழுக்க முன்னால் வந்து முஷ்டி உங்கள் மூக்கருகே நிற்கும், தலையை விடப் பெரிதாக. கால்கள் கட்டத்தின் பாதி அகலத்துக்கு விரிந்திருக்கும். நடுப் படங்களை மட்டுமே வரையச் சொல்லி உட்கார வைத்த ஒரு பையன், வெளியே வந்ததும் வாழ்நாள் முழுக்க நடுப் படமே வரையமாட்டேன் என்று முடிவு செய்தது மாதிரி இருக்கிறது. அவர் அப்படி நினைத்தே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இடையில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை பலருக்கும் தெரிந்த கதை. 1942-இல் ராஸுடன் கல்யாணம். 1944-இல் நார்மண்டியில் இறங்கிய காலாட்படையில் சிப்பாய், குளிரில் பாதங்கள் உறைந்து கால்களையே இழக்கும் நிலைக்குப் போய்த் தப்பினார். திரும்பி வந்ததும் காதல் காமிக்ஸ், கௌபாய் காமிக்ஸ், திகில் எல்லாம் வரைந்தார். 1961-இல் எழுத்தாளர் ஸ்டான் லீயுடன் ஃபென்டாஸ்டிக் ஃபோர். அடுத்த இரண்டு வருடத்துக்குள் ஹல்க், தோர், அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென். 1966-இல் சில்வர் சர்ஃபர், பிளாக் பேந்தர். ஃபென்டாஸ்டிக் ஃபோரில் மட்டும் தொடர்ந்து 102 இதழ்கள். அந்தக் காலத்தில் இவற்றை வெளியிட்ட மார்வெல் கம்பெனியில் வேலை நடந்த விதம் தனி: கதையின் சுருக்கத்தைப் பேசிக்கொள்வார்கள், ஓவியர் முழுக் கதையையும் கட்டம் கட்டமாக வரைந்துவிடுவார், அதற்கு மேல் வசனம் எழுதப்படும். எங்கள் துறையில் இதை ஸ்டோரிபோர்டு என்போம். கிர்பி பத்து வருடம் காமிக்ஸ் என்ற பெயரில் ஸ்டோரிபோர்டுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்ப அனிமேஷனுக்கு வருவதற்கு முன்பே அவருடைய படங்கள் வந்துவிட்டன. 1966-இல் மார்வெல் கதைகளை டிவி கார்ட்டூனாக எடுத்தார்கள். எப்படியென்றால், காமிக்ஸ் பக்கங்களையே ஜெராக்ஸ் எடுத்து, கதாபாத்திரங்களை வெட்டி, வாயை மட்டும், கையை மட்டும் கொஞ்சம் அசைத்து. யூடியூபில் பார்த்தால் தெரியும், கிர்பி வரைந்த தோர் அப்படியே இருக்கிறான், உதடு மட்டும் ஆடுகிறது. வரைந்தவருக்கு அதில் பங்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுவருடம் ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோ ஃபென்டாஸ்டிக் ஃபோரை முறையான கார்ட்டூனாக எடுத்தது. அதற்கு உருவங்களை வடிவமைத்தவர் அலெக்ஸ் டோத். அவரும் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இருந்து வந்தவர்தான், 1940-களில் கிரீன் லேன்டர்ன் வரைந்தவர். ஸ்பேஸ் கோஸ்ட், ஹெர்குலாய்ட்ஸ், பின்னால் சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அவர் வடிவங்கள். டோத்தின் மாடல் ஷீட்டுகளை, அதாவது ஒரு கதாபாத்திரத்தை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் தாள்களை, இன்றைக்கும் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் காட்டுவேன். ஒரு கோடு கூட அதிகமாக இருக்காது. காரணம் எளிது. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்றால் 12 படம். உடையில் ஒரு பொத்தான் அதிகமாக வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720 பொத்தான் யாரோ வரைந்தாக வேண்டும். டோத்துக்கு அந்த யாரோவின் மேல் கரிசனம் இருந்தது. கிர்பியின் இயந்திரங்களில் ஒரு சதுர அங்குலத்துக்குள் நாற்பது கோடு இருக்கும், அண்டவெளியில் சக்தி பொங்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள் நுரை மாதிரி அப்பிக் கிடக்கும். அதை இன்பிட்வீன் செய் என்று யாராவது என்னிடம் கொடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

1970-இல் கிர்பி மார்வெலை விட்டு அதன் போட்டிக் கம்பெனியான டிசிக்குப் போனார். வாரத்துக்கு 15 பக்கம் தர வேண்டும் என்பது அங்கே ஒப்பந்தம். டார்க்சைட் என்ற வில்லனையும் நியூ காட்ஸ் தொடரையும் உருவாக்கினார், அந்தத் தொடர்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. திரும்ப மார்வெல், 1978-இல் மறுபடி வெளியே. அப்போது அறுபது தாண்டிவிட்டது. மகளின் ஆஸ்துமாவுக்காகக் குடும்பம் ஏற்கனவே கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தது, லாஸ் ஏஞ்சலஸின் அனிமேஷன் கம்பெனிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

முதலில் டீபட்டி-ஃப்ரெலெங், பிங்க் பேந்தர் எடுத்தவர்கள். அவர்கள் 1978-இல் புதிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடர் ஆரம்பித்தபோது ஸ்டோரிபோர்டுக்குக் கிர்பி வந்தார். நால்வரில் ஒருவனான ஹ்யூமன் டார்ச்சின் உரிமை வேறொரு கம்பெனியிடம் இருந்ததால் அவனைச் சேர்க்க முடியவில்லை. அவன் இடத்தில் ஹெர்பி என்று ஒரு குட்டி ரோபோ. 17 வருடத்துக்கு முன் தானே வரைந்த நால்வரை, அதில் ஒருவன் இல்லாமல், இன்னொருவருக்காகத் திரும்ப வரைந்தார் மனிதர். நான் அந்த போர்டுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சலிப்பு என்பது ஒரு கட்டத்தில்கூடத் தெரியவில்லை. 13 பாகத்தோடு தொடர் முடிந்தது. 1981-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 20-ஆம் ஆண்டு இதழில் அந்த ஸ்டோரிபோர்டு படங்களையே எடுத்து மையிட்டுக் காமிக்ஸாக அச்சடித்தார்கள். அவர் அதற்காக வரைந்தவை இல்லை அவை. முன்பு காமிக்ஸை வெட்டிக் கார்ட்டூன் செய்தார்கள், இப்போது கார்ட்டூனை வெட்டிக் காமிக்ஸ்.

அப்புறம்தான் ரூபி-ஸ்பியர்ஸ். ஸ்கூபி-டூவை எழுதிய ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் 1977-இல் தொடங்கிய கம்பெனி. 1980-இல் ஏபிசி சானலுக்காக தண்டார் த பார்பேரியன் எடுத்தார்கள். உருவாக்கியவர் ஸ்டீவ் கெர்பர். ஒரு கோள் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே புகுந்துபோக, நிலா இரண்டாகப் பிளந்து நாகரிகம் அழிகிறது. 2000 வருடம் கழித்து மந்திரவாதிகளும் மிச்சமான இயந்திரங்களும் ஆளும் உலகம். தண்டார், ஏரியல், ஊக்லா என்ற முக்கியமான மூவரையும் வடிவமைத்தது டோத். அவரால் தொடர முடியாமல் போகவே மற்றதெல்லாம் கிர்பியிடம் வந்தது: வாராவாரம் புதிய மந்திரவாதி, புதிய வாகனம், புதிய இடிபாடு. கோட்டைக் குறைத்தவரும் கோட்டைக் குவித்தவரும் ஒரே தொடரில். பார்த்தால் ஒட்டவே ஒட்டாது என்றுதான் நினைப்போம். எளிமையான மூன்று பேர் கிர்பியின் பிரம்மாண்டத்துக்குள் நடந்துபோகும்போது அது அழகாகத்தான் இருக்கிறது.

திரையில் கிர்பியின் படங்கள் முழுதாக வந்தனவா என்றால், இல்லை. பட்ஜெட் சிறியது, கோடுகள் குறைக்கப்பட்டன, அசைவும் குறைவு. அவருடைய அட்டைப் படங்களில் இருக்கும் இடி தண்டாரில் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அந்தத் தொடரின் கிர்பியைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் பென்சிலில் போட்ட மூல வடிவங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அவருடைய வேலை முறை அங்கேதான் அவருக்குப் பொருந்தியது. அலுவலகத்தில் வரிசையில் உட்காரத் தேவையில்லை. தௌசண்ட் ஓக்ஸில் வீட்டு மேசையில் பென்சிலால் வரைவார், வேறொருவர் மையிட்டு வண்ணம் தீட்டுவார், அதைச் சானல்காரர்களிடம் கொண்டுபோய்க் கதை சொல்லி விற்பார்கள். இப்படி நூற்றுக்கணக்கான போர்டுகள். பல தொடர்கள் விலைபோகவே இல்லை, படங்கள் மட்டும் மிஞ்சின. பதினெட்டு வயதில் அவர் மேசைக்கு வந்தது மற்றவர்களின் கீகளுக்கு நடுவே இருந்த காலி இடம். இப்போது அவர் போடும் கோடுதான் முதல் கோடு, அதற்குப் பிறகுதான் எல்லோரும் வேலையைத் தொடங்க வேண்டும்.

நல்ல சம்பளம். மருத்துவக் காப்பீடு. அந்த வயதில், இதயக் கோளாறு இருந்த ஒருவருக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருடக் காமிக்ஸ் உழைப்பு பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலியோடு முடிந்துவிட்டது.

அதே வருடங்களில்தான் பழைய மூலப் பக்கங்களுக்கான சண்டையும் நடந்தது. 1980-களின் நடுவில் மார்வெல் மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவர் மூலங்களைத் திருப்பிக் கொடுத்தது. கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கப் பத்திரம் நீட்டப்பட்டது. பதிலுக்குத் தருவதாகச் சொன்னது 88 பக்கங்கள். அவர் அங்கே வரைந்தது பத்தாயிரத்துக்கு மேல். சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் பகிரங்கமாக அவர் பக்கம் நின்றார்கள். 1987-இல் சுமார் 1,900 பக்கங்கள் திரும்பின. மீதி வரவே இல்லை. இதற்குச் சில வருடம் முன்பு, ஸ்டீவ் கெர்பர் தன் படைப்பு ஒன்றுக்காக மார்வெல் மேல் வழக்குப் போட்டிருந்தபோது, அந்த வழக்குச் செலவுக்காக வெளியான டெஸ்ட்ராயர் டக் காமிக்ஸைக் கிர்பி காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதையில் பாதி இந்த ஒரு காரியத்தால் வந்தது.

ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனமில்லை. 1979-இல் 'லார்ட் ஆஃப் லைட்' என்ற நாவலைப் படமாக எடுக்க ஒருவர் முயன்றார். இந்துக் கடவுளர்களின் பெயர்களில் மனிதர்கள் வேறொரு கிரகத்தை ஆளும் கதை. அரங்க வடிவங்களைக் கிர்பி வரைந்தார். படம் நின்றுபோனது. 1980 ஜனவரியில் தெஹ்ரானில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்களைச் சினிமாக்காரர்கள் என்று சொல்லி வெளியே கொண்டுவர சிஐஏ ஒரு போலிப் படம் தயார் செய்தபோது, அந்தத் திரைக்கதையையும் கிர்பியின் படங்களையும்தான் பயன்படுத்தியது. அந்த ரகசியம் 1997-இல்தான் வெளியே வந்தது. கிர்பி 1994 பிப்ரவரி 6 அன்று இறந்துபோனார். தன் ஓவியம் ஆறு பேரைக் காப்பாற்றியதை அவர் அறியவே இல்லை. தண்டாரின் கதையில் உலகம் அழிவதாகச் சொல்லப்பட்ட வருடமும் 1994.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த அதே 1998-இல், அமெரிக்காவில் சூப்பர்மேன் கார்ட்டூன் தொடரில் டார்க்சைட் வருகிற இரண்டு பாகங்கள் ஒளிபரப்பாகின. டான் டர்பின் என்று ஒரு போலீஸ்காரர், குட்டையாக, அகலமான தோள். அந்த முகத்தைக் கிர்பியைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள். டார்க்சைடுக்கு எதிரில் பயப்படாமல் நிற்கிறார், கொல்லப்படுகிறார். முடிவில் அவருடைய இறுதிச் சடங்கு, பிறகு கிர்பியின் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று அட்டை. அந்த இறுதிச் சடங்கை நான் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஊரே நின்றுகொண்டிருக்கிறது, பெரிதாக எதுவும் அசையவில்லை. அந்த முகத்தை யாரோ ஓர் இன்பிட்வீனர் பல நாள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு இப்போது கண் மங்கல். வலது ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும், எனக்கு எட்டு வயதில் அவர் விரலில் ஊசி ஏறி உள்ளேயே முறிந்தது, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க எங்கள் கைக்காசு. வாரத்துக்கு 15 பக்கம் என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"பீஸ் ரேட்டா கண்ணு?"

"ஆமாங்ப்பா. பக்கக் கணக்கு."

"இ.எஸ்.ஐ. இருந்துச்சா?"

"காமிக்ஸ்ல இல்லீங்ப்பா. அறுபது வயசுக்கு மேல, கார்ட்டூன் கம்பெனிக்குப் போனதுக்கப்புறம் அது மாதிரி ஒண்ணு கிடைச்சுது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனைக் கேட்டு வாங்கினார். தண்டாரில் வரும் ஒரு மந்திரவாதி, கிர்பியின் பென்சில் படம், மார்பிலும் தோளிலும் பட்டை பட்டையாகக் கவசம். விரலால் அதைப் பெரிதாக்கி, தோள்பட்டை சேருகிற இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கைய மட்டும் வெட்டோணும்னாலே நாலு பீஸ் வருங் கண்ணு," என்றார். "ஆனா மூட்டு சரியா உக்காந்திருக்குது."